நாரையின் இடது கால்

பல்கேரியாவில் அரசு நிதி வாங்கிய எந்தப் படமும் வெலிச்கோவைத் தாண்டித்தான் தொடங்க முடியும். திரை இருளும். ஒரு செங்கால் நாரை பறந்து வந்து, படச்சுருளால் பின்னிய கூட்டில் இறங்கி, இடது காலை மடக்கி நிற்கும். கீழே திரைப்பட நிதி வாரியத்தின் பெயர் விரியும். மொத்தம் எட்டு விநாடி. மாபெரும் இயக்குநர்களின் படங்கள்கூட இந்த எட்டு விநாடி முடிந்த பிறகுதான் சரியத் தொடங்கின.

வரைந்தவர் பெயர் எங்கும் வராது. வெலிச்கோ அரசு கார்ட்டூன் கூடத்தில் பதினோரு ஆண்டுகள் மற்றவர்களுடைய கரடிகளுக்கு வால் போட்டவர். கரடிக்கு வால் எவ்வளவு என்பது தெரிந்ததே. கூடத்தை மூடிய ஆண்டில் அவருக்கு இந்த நாரை கிடைத்தது. பிறகு சொந்தப் படம் எடுக்க அதே வாரியத்துக்கு ஏழு முறை விண்ணப்பித்தார். ஏழு முறையும் மறுப்புக் கடிதம் வந்தது, தாளின் உச்சியில் அவருடைய நாரை சிறகை விரித்தபடி.

அந்த நாரையில் ஒரு பிழை உண்டு. நாரை காலை மடக்கினால் மூட்டு பின்பக்கமாகத் துருத்தும். வெலிச்கோவின் நாரைக்கு மனிதனைப் போல முன்பக்கம் துருத்தியது. ஒரே இரவில் முடிக்கச் சொன்னார்கள். சோபியாவில் அந்நேரத்துக்கு நாரைக்கு எங்கே போவது? மனைவி நெவ்யானாவைச் சமையலறையில் ஒற்றைக் காலில் நிறுத்தி, பார்த்து வரைந்துவிட்டார்.

இருபத்து நான்கு ஆண்டுகளாக ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை. வெலிச்கோவுக்கு மட்டும் அது செருப்புக்குள் கல். காசு வேண்டாம், காலை மட்டும் திருத்தித் தருகிறேன் என்று மூன்று முறை எழுதினார். தேசியச் சின்னத்தை மாற்ற ஒரு குழு அமைக்க வேண்டும் என்று பதில் வந்தது. குழு அமைந்தது. கூடாமலே அதன் காலமும் முடிந்தது.

"ஊரே என் முட்டியைப் பார்க்குது, நான் சும்மா இருக்கேன். உனக்கு எங்கே வலிக்குது?" என்பாள் நெவ்யானா.

இதற்கிடையே நாரைக்குத் தனி வாழ்வு வந்துவிட்டது. மார்ச் முதல் தேதி மணிக்கட்டில் கட்டிய சிவப்பு வெள்ளை நூலை, அந்த ஆண்டின் முதல் நாரையைக் கண்டபின் அவிழ்த்து மரத்தில் கட்டுவது வழக்கம். நூல் கையிலேயே தங்கினால் கேடு என்பார்கள். தலைநகரவாசிகள் நாரையைத் தேடி வயலுக்குப் போகிறவர்களா? மார்ச் மாதத் திரைவிழாவில் எவனோ ஒருவன் வேடிக்கைக்கு, திரையில் நாரை இறங்கியதும் நூலை அவிழ்த்தான். பத்தாண்டுகளில் அரங்கமே அவிழ்த்தது. அரங்கின் முன்கூடத்தில் இருந்த ரப்பர் செடி நூலின் பாரத்தில் வளைந்தது. படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள், அவிழ்த்துக்கொண்டே.

வாரியத்தின் புதிய தலைவர் அன்டோவ் நவீனமானவர். நாரையைத் தூக்கிவிட்டு மூன்று வெள்ளைக் கோடுகளை வைத்தார். கோடுகள் வரும், ஒன்றையொன்று வெட்டும், பிரிந்து போகும். பிழையுள்ள கால் ஒழிந்ததென்று வெலிச்கோ கொண்டாடியிருக்க வேண்டும். அவரோ இரண்டு நாள் நெவ்யானா சுட்ட பனீட்சா என்ற பாலாடைக்கட்டி அப்பத்தைத் தொடவில்லை. திருத்தாமலே போய்விட்டதே என்பதுதான் பேச்சு.

திரைவிழா தொடங்கியது. மூன்று கோடுகளும் வந்து போயின. அரங்கத்தில் அறுநூறு பேர் மணிக்கட்டில் விரலை வைத்தபடி காத்திருந்தார்கள். முதல் வரிசையில் அன்டோவும் அப்படித்தான். படம் முடியும்வரை நாரை வரவில்லை.

நான்காம் நாள் அன்டோவ் வெலிச்கோவுக்குத் தொலைபேசினார்.

"மாஸ்டர், நூலு இன்னும் கையில இருக்கு. முந்தாநாள் பல்லு போச்சு, நேத்து காரு போச்சு. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா அந்தப் பறவையைத் திருப்பி அனுப்புங்க."

"பூத்த மரத்தைப் பார்த்தும் அவிழ்க்கலாமே சார்."

"எங்க வீட்டுல நாரைதான் வழக்கம்."

வெலிச்கோ ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: இடது காலைத் திருத்துவேன். நாலு கால் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அன்டோவ்.

பறவைகள் பற்றிய புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தார் வெலிச்கோ. வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் வேலையில் குறை காண முடியாமல் தவித்தார். அனுப்பினார். ஒருமுறைகூடக் கூடாமல் காலாவதியான குழு உயிர்பெற்று அன்று மாலையே கூடி, மறுநாள் எழுதியது: "நாரையின் இடது கால் இயற்கைக்கு மாறாக மடங்குகிறது. முன்பிருந்தபடி திருத்தி அனுப்பவும்."

அவர் கடிதத்தை நெவ்யானாவிடம் நீட்டினார். அவள் படித்தாள். தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, எழுந்து நின்று, இடது காலை மடக்கினாள்.

"நல்லா பார்த்துக்கோ. இதுதான் இயற்கை."

பழைய காலைத் திரும்ப ஒட்ட ஐந்து நிமிடம் போதும். சுலபமான வேலை என்று வாரியம் நினைத்துவிடக் கூடாதென்று இரண்டு நாள் கழித்து அனுப்பினார்.

விழாவின் கடைசி நாள். திரை இருண்டது. நாரை வந்தது, இறங்கியது, நெவ்யானாவின் முட்டியை முன்னால் துருத்தி நின்றது. அறுநூறு கைகள் அசைந்தன. ஆண்டுதோறும் நிஜ நாரையைத் தேடி பஸ் ஏறி வயல்வெளிக்குப் போய்வரும் வெலிச்கோவும் தன் நூலை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, நெவ்யானா பல்லால் இழுத்துவிட்டாள்.

முன்கூடத்தில் துப்புரவுக்காரி சோன்கா ரப்பர் செடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் துடைப்பத்தை நீட்டி மறித்தாள்.

"அண்ணே, அந்தக் கிளையை விட்டுருங்க. ஏற்கெனவே அது தப்பான பக்கமா மடங்கியிருக்கு."

வெலிச்கோ அதே கிளையில்தான் கட்டினார்.