அத்தையின் கையில் எரிந்த கற்பூரம்

எங்கள் அத்தைக்கு அம்மன் வருகிறாள் என்பதைத் தேயிலைத் தோட்டமே நம்பியது. நான் நம்பவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. எதைச் சொன்னாலும் சந்தேகப்படுகிற பிள்ளை என்று பள்ளிக்கூடத்து வாத்தியாரே என்னைப் பற்றி அப்பாவிடம் சொல்லியிருந்தார். அவர் அதைக் குறையாகச் சொன்னார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தனியாக இருந்தாள். பகலில் எல்லாப் பெண்களையும் போல மலைக்குப் போய்க் கொழுந்து பறிப்பாள். ஆனால் வாய் சும்மா இருக்காது. பறிக்கிற கைக்குத் தகுந்த மாதிரி அம்மன் பாட்டு கட்டிக்கொண்டே போவாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். அத்தனை பாட்டும் தலைக்குள்ளேயே இருந்தது. அதில் வருவதெல்லாம் எங்கள் மலையும், பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரும், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தொங்கும் தொட்டில்களும்தான்.

ஏழாம் நம்பர் மலையேறி எழுந்து வாடி மாரி
ஈயத்தாளு கிரீடம் வச்சேன் இறங்கி வாடி மாரி

அந்தக் கிரீடத்தைச் செய்ததும் அத்தைதான். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே போடுகிற ஈயத்தாளில் கிழிந்து கழித்ததை ஸ்டோரில் கேட்டு வாங்கிவந்து, அம்மனுக்குக் கிரீடம், ஒட்டியாணம், காதுக்குத் தோடு எல்லாம் வெட்டி ஒட்டுவாள். தேயிலைப் பூவில் மாலை கட்டுவாள். வெறும் கல்லாக இருந்த அம்மனுக்கு முகம் வைத்ததே அவள்தான் என்று பூசாரி சொல்வார். அப்படிப்பட்ட கைக்காரிக்குச் சாமி வருவது போல நடிக்கவா தெரியாது என்பது என் கட்சி.

என்னிடம் ஆதாரமும் இருந்தது. ஒன்று, அத்தை பாடிக்கொண்டிருக்கும்போது அம்மன் ஒருநாளும் வந்ததில்லை. பாட்டு முழுசாக முடிந்த பிறகுதான் வருவாள். இன்னொன்று, தலைமுடியை விரித்துப்போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறவள், காலையில் தான் போட்ட கோலத்தை மட்டும் மிதிப்பதில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாரம், அம்மன் கேட்பதெல்லாம் அத்தைக்கு வேண்டியதாகவே இருந்தது. பிள்ளைக்காம்பராக் கூரை ஒழுகுகிறது என்று அத்தை மழைக்காலம் முழுக்கப் புலம்பினாள், யாரும் காதில் வாங்கவில்லை. திருவிழாவில் அம்மன் வந்து அதையே சொன்னாள். பெரிய கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டு பங்களாவுக்கு ஓடினார். வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சில வருஷம் ஆகியும் எங்கள் பங்களாவில் வெள்ளைக்காரத் துரைதான் இருந்தார். அவரும் பயந்தாரோ என்னவோ, புதுத் தகரம் வந்தது.

இந்த விஷயத்தில் அம்மாவும் என் பக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆகாது. "ஒங்க அக்காவுக்கு சாமி வந்தா வேலைவெட்டி எல்லாம் மறந்துரும்" என்று அப்பாவிடம் முணுமுணுப்பாள்.

அந்த வருஷம் திருவிழாவுக்குக் கொழும்புச் சித்தப்பா வந்தார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் சமையல்காரர். வெள்ளைச் சட்டையும் பிஸ்கட் டின்னுமாக வருவார். போகும்போது லயத்துப் பெண்பிள்ளை ஒருத்தியைக் கொழும்பு வீடுகளில் வேலைக்கு விடக் கூட்டிக்கொண்டு போவார். முந்தின வருஷம் எங்களுக்குக் கீழே இருந்த பணிய லயத்துச் செல்லம்மா போனாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அதற்குப் பிறகு தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. அவள் அம்மா கேட்டதற்கு, "நல்லா தின்னு குண்டாயிட்டா, இங்க வர அவளுக்கு மனசில்ல" என்றார் சித்தப்பா. எனக்குப் பொறாமையாக இருந்தது.

இந்த முறை என்னைக் கேட்டார். தினம் பாண் ரொட்டி, பக்கத்திலேயே கடல் என்றார். சுருக்கம் வைத்த ரோஸ் கவுன் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். அப்பா சரி என்றுவிட்டார். நான் கொழும்புக்குப் போகப்போவதைப் பள்ளிக்கூடம் முழுவதும் சொல்லிவிட்டேன். எல்லாரையும் சந்தேகப்பட்ட எனக்குச் சித்தப்பாவைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அந்தக் கவுன் அப்படி இருந்தது.

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வாசல் இஸ்தோப்பில் வந்து நின்று, "தம்பி, புள்ளைய அனுப்பாத. செல்லம்மா என்னா ஆனான்னே தெரியல" என்றாள். அப்பா தலையை நிமிர்த்தவில்லை. "நீ புள்ள பெத்தவளா? ஒனக்கு என்னாக்கா தெரியும்" என்றார். அத்தை இறங்கிப் போனாள். அடுப்படியிலிருந்து அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா பார்த்த பார்வையில் அதுவும் நின்றது.

மறுநாள் பீலியடியில் அம்மாவும் அத்தையும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஜென்மத்தில் நேராகப் பேசிக்கொள்ளாதவர்கள். என்னைக் கண்டதும் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டாள். என் கொழும்புக்கு ஏதோ ஆபத்து என்று பட்டது.

திருவிழா அன்று மத்தியானம் கோயிலடியில் கூட்டம். நான் கவுனைப் போட்டுக்கொண்டு சித்தப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அத்தை தன் பாட்டை முழுக்கப் பாடி முடித்தாள். முடிந்ததும், நான் எதிர்பார்த்தபடியே, அம்மன் வந்தாள். ஆடிக்கொண்டே நேராக என்னிடம் வந்து என் தலையில் கையை வைத்தாள்.

"இந்தப் புள்ள எனக்கு வேணும்டா. வெள்ளிக்கெழம தவறாம எனக்கு வெளக்கு வைக்கணும். இவ மலைய விட்டு எறங்கக் கூடாது."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இது அம்மன் இல்லை, அத்தைதான், என் கொழும்பைக் கெடுக்கிறாள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குள் சித்தப்பா சிரித்தார். எனக்கு இருந்த அதே சந்தேகம் அவருக்கும் இருந்தது.

"அம்மன்னா கையில கற்பூரம் ஏத்திக் காட்டட்டும். வெத்தல வேணாம், வெறுங்கையில. அம்மனுக்குத்தான் நெருப்பு சுடாதே" என்றார்.

பூசாரி தயங்கினார். அத்தை வலது கையை அவரிடம் நீட்டினாள். கற்பூரத்தை வைத்துப் பற்றவைத்தார். அது அவள் உள்ளங்கையில் நின்று எரிந்தது. அவள் கையை உதறவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. எரிகிற கையைச் சித்தப்பாவின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள்.

"போன வருசம் கூட்டிக்கிட்டுப் போனியே, அந்தப் புள்ள எங்கடா? எனக்கு அவ இங்க வேணும்."

செல்லம்மாவின் அம்மா அத்தையின் காலில் விழுந்தாள். செல்லம்மாவின் அப்பா, வாய் திறந்து பேசியே நான் கேட்டிராத மனுஷன், சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து, "வீட்டக் காட்டு, நானும் வாறேன்" என்றார். எங்கள் அப்பா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சாயங்கால ரயிலுக்குச் சித்தப்பாவும் செல்லம்மாவின் அப்பாவும் கொட்டகலை ஸ்டேஷனுக்குப் போனார்கள். போவதற்கு முன் சித்தப்பா மறக்காமல் கவுனைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அத்தையின் காம்பராவை எட்டிப் பார்த்தேன். அத்தை சுவரில் சாய்ந்திருந்தாள். அம்மா அவளுடைய கையை மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தடவி ஊதிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"ஒரு நிமிசம் வச்சிட்டு கீழ போட்டிருக்கலாமே மதினி."

"போட்டா புள்ளையக் கொண்டுபோயிருவானே" என்றாள் அத்தை.

என்னைக் கண்டதும் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெளிய மூச்சு விட்ட, தோல உரிச்சிருவேன்" என்றாள். ஆக, இரண்டு பேரும் கூட்டு. என் சந்தேகம் எல்லாம் சரி என்று ஆகிவிட்டது. ஆனாலும் சந்தோஷம் வரவில்லை, கவுன் போனதுதான் நினைவுக்கு வந்தது.

அத்தை கையில் மஞ்சள் துணியைச் சுற்றிக்கொண்டு, அம்மனுக்கு நேர்ந்த கை, ஆறுகிறவரை கொழுந்தைத் தொடாது என்று கங்காணியிடம் சொன்னாள். அவர் அந்தத் துணியையே கும்பிட்டார். பக்கத்து நிரையில் நின்ற அம்மா தன் கொழுந்தில் பாதியை, இடது கையால் மட்டும் பறித்த அத்தையின் கூடைக்குள் போட்டாள். அத்தைக்கு நாள்சம்பளப் பேர் குறையாமல் விழுந்தது.

சில நாளில் செல்லம்மாவைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா வந்துசேர்ந்தார். அவள் குண்டாக இல்லை. வேலை பார்த்த வீட்டில் தலையை மொட்டையடித்திருந்தார்கள். நான் ஓடிப்போய், கடல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவள் என்னைத் தாண்டித் தன் காம்பராவுக்குள் போய்விட்டாள். கொழும்புக்குப் போய்வந்த திமிர் என்று நினைத்துக்கொண்டேன். அது திமிர் இல்லை என்று விளங்க எனக்குப் பல வருஷம் ஆனது.

வெள்ளிக்கிழமைகளில் நான் வேண்டாவெறுப்பாக விளக்கு வைப்பேன். அத்தை பாடுவாள். பாட்டு முடிந்ததும் செல்லம்மா வந்து, அத்தையின் வலது கையை விரித்து, தழும்பேறிய அந்த உள்ளங்கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். எல்லாரும் ஏமாந்த மாதிரி இவளும் ஏமாறுகிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவளைத் தனியே இழுத்துவைத்துச் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு அம்மன் வரல. அத்த கை வெந்துபோச்சி. நானே பார்த்தேன்."

"தெரியும்" என்றாள் செல்லம்மா.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தாள். அதே கையை விரித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தெரிந்திருந்தும் எதற்காகக் கும்பிடுகிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.