சாமை மில்லில் போலந்து சபை

மொழிபெயர்ப்பு என்பது, சொந்தமில்லாத இரண்டு வீடுகளுக்கும் வாசல் தெளிக்கிற வேலை. அந்தப் பாவத்தைச் செய்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

யாருக்கு வேண்டும்?

பழைய கிரேக்கர்களின் அரசியல் சிந்தனையைப் போலந்து அறிஞர்கள் எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லும் ஆங்கில நூல் ஒன்றை, எங்கள் மலையூரான ஜமுனாமரத்தூரில் மழையைப் பார்த்தபடி தமிழாக்கி முடித்தேன். கணவர் போன பிறகு நான் உரக்க வாசித்ததெல்லாம் சுவருக்குத்தான். பதிப்பாளர் போனில் அலுத்துக்கொண்டார். "உங்க மலையில மூணு பேர் ஒரு அத்தியாயத்தைக் கடைசி வரைக்கும் கேட்டா அச்சடிக்கிறேன். போலந்துக்காரன் கிரேக்கனைப் படிச்சதை நம்ம ஆளு எதுக்கும்மா படிக்கணும்?"

கலவை

சாமை அரைக்கிற மில்லில் கரண்டு போனால் யாரும் ஓட முடியாது. அந்த நேரம் பார்த்துப் போனேன். ஒருவர் ஆண்டால் கொடுமை, சிலர் ஆண்டால் சுரண்டல், பலர் ஆண்டால் கூச்சல். ஆகவே மூன்றையும் கலக்கச் சொன்னார்கள் கிரேக்கர்கள். அரசர், மேலவை, பிரபுக்கள் கூடும் சபை என்று எங்களிடம் அந்தக் கலவை தயாராகவே இருக்கிறது எனப் போலந்து அறிஞர்கள் பூரித்தார்கள். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த சின்னப்பாப்பா பூரிக்கவில்லை. "மூணு பேரும் ஆளப் போய்ட்டா கொல்லையில களை எடுக்கறது யாருங்க?"

ஒற்றை ஆள்

போலந்துப் பிரபுக்களின் அந்தச் சபையில் ஒரே ஒருவர் 'ஒப்பமாட்டேன்' என்றால் போதும், சபையே கலையும். சுதந்திரம் முற்றினால் அழுகும் என்று கிரேக்கர்கள் அன்றே எச்சரித்தார்களே என, பின்னால் வந்த போலந்துக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இதை வாசித்ததும் மில்காரர் கோவிந்தன் குலுங்கிச் சிரித்தார். திருவிழாத் தேதி முதல் தெருவிளக்கு வரை ஊர்க் கூட்டத்தில் எல்லாவற்றையும் எதிர்க்கும் வெள்ளையன், மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோவிந்தன் விடவில்லை. "அந்தாளைத் தேடி நீங்க போலந்துக்கா போனீங்க? இங்கயே குந்திகினு கீறாரு!"

கரண்டு வந்தது

இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. சின்னப்பாப்பா மூட்டையைத் தூக்கினாள், கோவிந்தன் சுவிட்சுக்குக் கை நீட்டினார். இனி எனக்குச் சுவரே கதி என்று காகிதங்களை மடித்தேன். வெள்ளையன் எழுந்து போய் சுவிட்சை மறைத்து நின்றார். "நான் ஒத்துக்க மாட்டேன்! அந்த ஒத்த ஆளு கடைசியில இன்னா ஆனான்னு தெரியாம எவனும் மில்லு ஓட்டக்கூடாது. நீங்க படிங்கம்மா!"

ஒற்றை மறுப்பு போலந்தில் சபைகளைக் கலைத்ததாம், எங்கள் மலையில் ஒரு புத்தகத்தை அச்சுக்கு அனுப்பியிருக்கிறது. அட்டைப்படத்துக்கு மட்டும் வெள்ளையன் இன்னும் ஒப்பவில்லை.