வயலில் கிடந்த டேங்க்

நான் சொன்னது சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தைக் கேட்கிறவர்கள் பாதியிலேயே முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "கடைசியில நீங்க சொன்னது தப்பாப் போச்சா?" என்று கேட்கிறார்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள் போர் விமானத்தைப் பற்றி வாயைத் திறந்தால் அது தப்பாகத்தான் முடியும் என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். நான் தப்பாகச் சொன்னது அதற்கு முந்தைய ஞாயிறு. இது வேறு ஞாயிறு.

தி.நகர் கடை ஒன்றில் மேட்சிங் பிளவுஸ் கவுண்டரில் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன். புடவையை நீட்டினால் போதும், திரும்பிக்கூடப் பார்க்காமல் கை சரியான துணியை எடுத்துவிடும். வீட்டுக்கு வந்தால் அதே கையால் விமானம் செய்வேன். பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் வருமே, அவற்றை ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் தீட்டி, ஒரு சாண் நீளத்துக்கு ஜெட் விமானமாக ஆக்குவது. ஒன்றை முடிக்க மூன்று மாதம் ஆகும். மந்தைவெளியில் எங்கள் பீரோவின் மேல் பதினொன்று நிற்கின்றன. என் வீட்டுக்காரர் ஒட்டடை அடிக்கும்போதுகூட அந்தப் பக்கம் போகமாட்டார். ஒருமுறை ஒரு வாலை உடைத்துவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

ஞாயிறு காலை ஆறரைக்கு லஸ் பக்கத்தில் ஒரு சின்ன காபி ஓட்டலில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். பேச்சு முழுக்க விமானம்தான். எல்லோருக்கும் மூத்தவர் மயிலாப்பூர் மாமா. அரசு வேலையில் ஓய்வு பெற்றவர், வாலின் நுனியைக் காட்டினால் முழு விமானத்தையும் சொல்வார், அந்தப் பெருமையும் அவருக்கு உண்டு. அடுத்தவர் ஆதம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் வருகிற தம்பி. ஆட்டோ அவருடையதுதான். விமான நிலையத்து ஓடுபாதைப் பக்கம் வளர்ந்தவர் என்பதால், தலையை நிமிர்த்தாமலே சத்தத்தை வைத்து இன்ன விமானம் என்று சொல்லிவிடுவார்.

நாலாவது ஆள் கொட்டிவாக்கத்து அண்ணன். கடலுக்குப் போகிறவர். அவருக்கு விமானத்தைப் பற்றி அதிகம் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் வந்தார். அவருடைய மகன் விமானப்படையில் மிக்-21 ஓட்டினான். அறுபது வருடத்துக்கு மேல் பறந்து தேய்ந்த விமானம். இந்தா ஓய்வு, அந்தா ஓய்வு என்று ஒவ்வொரு வருடமும் பேச்சு வரும். அதைப் 'பறக்கும் சவப்பெட்டி' என்று எழுதாத பத்திரிகை கிடையாது. நாங்களும் ஒரு காலத்தில் சர்வசாதாரணமாக அப்படிச் சொன்னவர்கள்தான். அண்ணன் வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை எங்கள் மேசையில் யாரும் எடுப்பதில்லை. அவர் மிக்கை 'வண்டி' என்றுதான் சொல்வார். "எம் புள்ள வண்டி எப்ப ரிட்டயர்டு ஆவும் மாமா?" என்று வாரம் தவறாமல் கேட்பார்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. அதன் பெயர் வாய்ப்பூட்டு. ஆதாரம் இல்லாமல் ஒன்றை அடித்துப் பேசி, பிறகு அது தப்பு என்று ஆகிவிட்டால், அடுத்த ஞாயிறு முழுவதும் அந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது. வரலாம், காபி குடிக்கலாம், மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு வயிறெரியலாம். அவ்வளவுதான். ஆட்டோக்காரத் தம்பி ஒன்பது முறை வாங்கியிருக்கிறார். நான் நாலு. மாமா ஒருமுறைகூட வாங்கியதில்லை. வாங்கியவர்கள் யாரும் அதை மீறியதும் இல்லை.

அந்தக் கோடையில் எல்லையில் சண்டை மூண்டது. நம் விமானங்கள் போய்க் குண்டு போட்டுவிட்டு வந்தன. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எந்த விமானம் போனது, எல்லையைத் தாண்டியதா, இந்தப் பக்கம் நின்றபடியே எறிந்ததா என்று சண்டையோ சண்டை. நான் ஒரு செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, "இந்தக் கூரையில கறுப்பா ஒரு வட்டம் தெரியுது பாருங்க, குண்டு விழுந்த ஓட்டை" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். மாமா அதே கட்டடத்தின் பழைய படத்தைத் தேடி எடுத்துவந்தார். அதிலும் அதே வட்டம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி! தம்பி சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு வாய்ப்பூட்டு.

அடுத்த ஞாயிறு உதட்டை இறுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அண்ணன் முன்னதாகவே வந்திருந்தார். முகம் வழிக்காமல், கசங்கிய சட்டையோடு இருந்தார். மகன் போன் செய்து நாலு நாள் ஆகியிருந்தது. சண்டை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? அவர் தன் போனை மேசையில் வைத்து எங்கள் பக்கம் தள்ளினார்.

"நேத்துலருந்து இது சுத்திக்கினு கீது. எங்க தெருவுல எல்லாருக்கும் வந்துடுச்சி. வூட்ல அவளும் பாத்துட்டா."

அறுவடை முடிந்த ஒரு வயல். நடுவில் சாம்பல் நிறத்தில் நீளமாக, நசுங்கி, ஒரு முனை கிழிந்து கிடக்கிற குழாய். சுற்றிலும் ஊர் ஜனங்கள். படத்துக்குக் கீழே, நம் மிக் விமானம் விழுந்தது, விமானி பலி என்று எழுதியிருந்தது.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்கு அந்த நிமிடம் மறந்துபோயிற்று என்றுதான் நினைக்கிறேன். படம் என்று வந்தால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

"வால் பக்கம். எஞ்சினோட பின்குழாய். மிக்தான், சந்தேகமே வேண்டாம்," என்றார்.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா மாமா நீ! யாராண்ட இன்னா பேசற? கொஞ்சம் சும்மா கெட!"

அண்ணன் கோபப்படவில்லை. "அப்ப வண்டி இதானா மாமா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் அதற்குள் போனை இழுத்துப் படத்தைப் பெரிதாக்கியிருந்தேன். குழாயின் முதுகில் ஒரு சின்ன வட்ட மூடி. அந்த மூடி எனக்குத் தெரியும். என்னுடைய மிக்-21 மாடலில் அதை ஊசி முனையால் வரைய மூன்று ராத்திரி கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான். எரிபொருள் ஊற்றுகிற மூடி அது. எஞ்சினின் பின்குழாய்க்கு எதற்கு எரிபொருள் மூடி? இரண்டு கையாலும் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"அது எஞ்சின் இல்ல! டேங்க்! வெறும் டேங்க்!"

ஓட்டல் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மாமா அதிர்ச்சியில் பழக்கதோஷமாக, "நோக்கு இன்னிக்கு வாய்ப்பூட்டோன்னோ?" என்றார். பிறகு, "போன வாரம் தண்ணித் தொட்டியைக் குண்டுன்னே. இப்போ எஞ்சினைத் தொட்டிங்கறியே?" என்றார்.

"இருங்க. ஒருத்தரும் எழுந்து போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஓடினேன். தம்பி ஆட்டோவை எடுக்கிறேன் என்றார். மெட்ரோவுக்குத் தோண்டிய இடத்தில் அடைத்திருக்கிற தகர வேலியைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ போவதற்குள் நான் போய்த் திரும்பிவிடலாம். ஐம்பது வயதில் அப்படி ஓடியிருக்கிறேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. பீரோ மேலிருந்து மிக்கை எடுத்து, பிளவுஸ் பிட் அட்டைப்பெட்டியில் வைத்து, மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன்.

மேசையில் வைத்தேன். இறக்கைக்கு அடியில் தொங்கிய எரிபொருள் டேங்க்கைப் பிடித்து 'பட்'டென்று உடைத்து எடுத்தேன். தம்பி "ஐயோ அக்கா" என்றார். அதை அண்ணனின் போனுக்குப் பக்கத்தில், படத்தில் இருக்கிற அதே சாய்வில் வைத்தேன்.

"மாமா, மூடியப் பாருங்க. அதுக்கு ரெண்டு பக்கமும் கொக்கி பாருங்க, தொங்க விடற கொக்கி. கிழிஞ்ச முனை வழியா உள்ள பாருங்க. எஞ்சினா இருந்தா பிளேடு, ஒயரு, குழாய்னு குடல் மாதிரி சரிஞ்சிருக்கணும். உள்ள ஒண்ணுமே இல்லையே, வெறும் கூடு. புல்லுகூடக் கருகல."

மாமா படத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், மறுபடி பெரிதாக்கினார். உடைத்த டேங்க்கை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். சர்வர் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டார். கடைசியில் மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"டேங்க்தான். நான் சொன்னது தப்பு. மகா தப்பு." அண்ணன் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். "என்னை மன்னிச்சுடுங்கோ."

அண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். "அப்ப எம் புள்ள?"

விமானம் தூரம் போக இறக்கைக்கு அடியில் கூடுதலாக டேங்க் மாட்டிக்கொண்டு கிளம்பும். எதிரி விமானம் வந்தால் பாரம் குறைய அதைக் கழற்றி விட்டுவிட்டுச் சண்டைக்குத் திரும்பும். கீழே விழுகிற டேங்க்கைப் பார்த்து விமானமே விழுந்துவிட்டது என்று ஊர் நினைத்துக்கொள்ளும். இதை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "இந்தப் படத்துல வண்டியே இல்லண்ணே. டேங்க்கப் போட்டுட்டு வண்டி பறந்து போயிருக்கு. அதுவரைக்கும் என்னால சத்தியமாச் சொல்ல முடியும்." அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தார். "வூட்ல போய் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டேங்க்கைப் பற்றித்தான் எனக்குத் தெரியும், டேங்க்கைப் போட்ட பிறகு என்ன ஆயிற்று என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பெற்றவருக்கு நம்பிக்கை கொடுத்து அனுப்பிவிட்டேனே, நாளைக்கு வேறு சேதி வந்தால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று பயந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக மாம்பழ மஞ்சள் புடவைக்கு எலுமிச்சை மஞ்சள் துணியை எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கவுண்டரில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன்தான்.

"பேசிட்டான்மா! இப்பதான். மூணு நிமிஷம் பேசினான். நல்லாக்கீறேன் நைனான்னான்!"

நான் போட்ட கூச்சலில் மூன்றாவது மாடியிலிருந்து மேனேஜர் இறங்கி வந்தார். யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்தாராம். முன்னால் நின்ற பெண்களிடம் "எங்க பையன் பேசிட்டான்" என்றேன். எந்தப் பையன், என்ன பேசினான் என்று ஒருத்திக்கும் தெரியாது. இருந்தாலும் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பாட்டியம்மா கைகூடத் தட்டினார்.

அடுத்த ஞாயிறு மாமா வந்து உட்கார்ந்தார், வாயே திறக்கவில்லை. சட்டத்தை மீறிய எனக்கும் பூட்டு போடலாமா என்று தம்பி கேட்டதற்கு, மாமா பேசாமலே கையை வீசி மறுத்தார். அண்ணன் கேட்டுக்கொண்டிருக்க, அன்று நானும் தம்பியும் மட்டும் பேசித் தீர்த்தோம். இவ்வளவு நிம்மதியான ஞாயிறு எங்களுக்கு அமைந்ததே இல்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் மிக்-21 நிஜமாகவே ஓய்வு பெற்றது. வடக்கே ஒரு தளத்தில் நடந்த விழாவை ஓட்டல் டி.வி.யில் பார்த்தோம். கடைசி விமானங்கள் இறங்கியபோது இரண்டு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி வளைவு போட்டு மரியாதை செய்தார்கள். மாமா அழுதார். தம்பி விசில் அடித்தார். நான் இரண்டையும் செய்தேன்.

சில வாரம் கழித்து மகன் விடுப்பில் வந்தான். அண்ணன் அவனை ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் கூட்டிவந்தார், கூடவே தன் மனைவியையும். மாமா விடுவாரா? "அந்த வயல்ல கெடந்தது உங்க டேங்க்கா?" என்று மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். "அதெல்லாம் சொல்லக் கூடாது மாமா" என்று அவன் மூன்று முறையும் சிரித்தான். அடுத்து என்ன விமானம் ஓட்டப்போகிறான் என்று தம்பி கேட்டார். அதற்கும் சிரிப்புதான்.

அந்த அம்மா இதில் எதையும் காதில் வாங்கவில்லை. நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மீன் விற்கிற கை, கரடுமுரடாக இருந்தது.

"அன்னிக்கி இவரு வந்து சொன்னாரு, பிளவுஸ் கடையில வேல பாக்கற அக்கா ஒண்ணு கீது, அது பாத்துட்டுச்சி, படத்துல வண்டியே இல்லியாம்னு. தெருவே எங்க வாசல்ல குந்திக்கினு அழறதுக்கு ரெடியா இருந்துச்சிம்மா. நான் மூஞ்சியக் கழுவிக்கினு கூடையத் தூக்கினேன். அழணும்னா அவங்கவங்க வூட்ல போய் அழுங்கடின்னு சொல்லிட்டு மார்க்கெட்டுக்குப் பூட்டேன். அவன் போன் வர்ற வரைக்கும் ரெண்டு நாளும் ஒரு மீன் மிச்சம் வெக்கல, அத்தனையும் வித்துட்டுத்தான் வூட்டுக்கு வந்தேன்."