கோயில் தூணுக்குக் கல் பார்த்தது

நாள்தோறும் விடியலில் நீராடி, நீறணிந்து, பதிகம் பாடி முடித்த பின்பே நுண்ணோக்கியைத் தொடுவேன். என் நண்பரோ வாசலில் பீடியை அணைத்துவிட்டு நேரே வந்து அமர்வார். இருவரும் கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்கள். சேலத்துக் கல் பரிசோதனைக்கூடம் ஒன்றில் இப்போது பகுதிநேரப் பணி. சிறுவயதில் பம்பரம் பட்டு நண்பருக்கு ஒரு கண் போயிற்று.

"நுண்ணோக்கிக்குக் குழாய் ஒண்ணுதானுங்களே, எனக்கு எதுக்குங்க ரெண்டு கண்ணு?" என்று சிரிப்பார்.

நான் அரைமணி நேரம் பார்த்துத் தயங்கும் கனிமத்துக்கு அவர் தட்டை இரு முறை சுழற்றிப் பெயர் சொல்லிவிடுவார். உன்னை ஒருநாளும் பாடாதவருக்கு அந்தக் கண்ணை ஏன் அருளினாய் என்று பூசையின் நடுவிலேயே இறைவனிடம் கேட்டிருக்கிறேன். என் பொறாமைதான் வளர்ந்தது.

சென்ற ஆண்டு, எருமப்பட்டிப் பக்கம் எங்கள் குலத்தார் வழிபடும் சிவன் கோயிலில், வெடித்த தூண் ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. பழைய தூணின் கல்லில் கார்னெட் என்னும் செம்மணித் துகள்கள் கலந்திருந்தன. இரண்டு குவாரிகளில் எதன் கல் அதற்கு இணை என்று திருப்பணிக் குழு கேட்டது. சரியாகக் கண்டு சொல்பவரே அறிக்கையில் கையொப்பமிடட்டும் என்றார் கூடத்தின் பொறுப்பாளர். அந்தக் கையொப்பம் எனக்கு வேண்டும். நண்பருக்குப் போகக் கூடாது.

அவர் வருமுன்பே, முதல் குவாரிக் கல்லில் ஒளி ஊடுருவும்படி மெல்லியதாகத் தேய்த்த சில்லை வைத்துப் பார்த்தேன். குறுக்காக நின்ற இரு ஒளி வடிகட்டிகளின் இடையே, தட்டைச் சுற்றச் சுற்ற மற்றக் கனிமங்கள் நிறம் காட்டி மறைந்தன. ஒரு வட்டம் மட்டும் முழுச் சுற்றிலும் இருண்டே இருந்தது. கார்னெட்டின் இயல்பு அது. அடுத்த சில்லைப் பாராமலே, "முதல் குவாரி" என்று எழுதிவிட்டேன்.

அவர் வந்து குனிந்தார். "சாமி, மேல் வடிகட்டிய எடுத்துட்டுப் பாத்தீங்களா?"

"அது எதுக்குங்க?"

"கார்னெட்டுன்னா லேசா சிவந்து, கரை மேடாத் தெரியணுமுங்க. இது வெறும் ஓட்டை. தேய்க்கறப்போ கல்லு பேந்துருக்குது. அடியில இருக்கற வெறுங் கண்ணாடியும் இருட்டாத்தானே நிக்கும்? ஓட்டைய நட்டுக் கும்பாபிஷேகம் பண்ணியிருப்பீங்க, போங்க!"

முதலாண்டு மாணவர்களுக்கு நானே நடத்திய பாடம். இரண்டாம் குவாரியின் சில்லில் மெய்யான கார்னெட்டைக் காட்டிவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே போடுங்க. உங்க கோயில்."

மறுத்திருக்கலாம். போட்டேன்.

கும்பாபிஷேகத்தன்று எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். "கல்லுப் பாக்கறதுன்னா உங்க கண்ணுதானுங்க!" என்றார் தர்மகர்த்தா. அன்னதான வரிசையில் நின்ற நண்பர் அதைக் கேட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். உண்மையை நான் சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்ததாகவே தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்றும் வலம் வருகையில், அந்தத் தூணருகே மட்டும் பதிகத்தின் அடுத்த அடி எனக்கு மறந்துவிடுகிறது.