ரயிலுக்கு மேலே ஒரு மேடை

முதல் சோதனையிலேயே என் மானம் கப்பலேறியது.

சென்னையில் ஒரே கட்டடம். கீழே மெட்ரோ, அதற்கு மேல் பஸ் நிலையம், ஆறாம் மாடியில் கச்சேரி அரங்கம், அதற்கும் மேலே முப்பது மாடி. அந்த அரங்கத்துக்கு மரமேடை போடும் வேலை, கோட்டையூரில் பட்டறை வைத்திருந்த எனக்குக் கிடைத்தது. அவ்வளவு பெரிய வேலை அதுவரை எனக்கு வந்ததில்லை.

வீணை வாசிக்கும் அம்மா ஒருவர் மேடையில் உட்கார்ந்து மீட்டினார். கீழே ரயில் வந்தது. பலகை முழுக்கக் கும்மென்று அதிர, அவர் கையை எடுத்துவிட்டார்.

சவுண்ட் இன்ஜினியர் கவிதா நேராக என்னிடம் வந்தார். "பலகை ரப்பர் பேடு மேலதானே நிக்குது? அப்புறம் எப்படி சார் அதிர்வு ஏறுது? நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா மொத்தத்தையும் பிரிச்சிட்டு வேற ஆளை வெச்சிடுவாங்க."

குனிந்து ஓரமெல்லாம் பார்த்தேன். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் சந்து விடச் சொல்லியிருந்தேன். அந்தச் சந்தே இல்லை. யாரோ தேக்குச் சட்டம் வைத்து அழகாக அடைத்திருந்தார்கள். சுவரின் அதிர்வு அதன் வழியாகத்தான் பலகைக்கு ஏறியிருக்க வேண்டும்.

மேஸ்திரி என் மச்சினன் பழனி. கூப்பிட்டுக் கேட்டேன்.

"யாருடா இதை அடைச்சது?"

"நாந்தான் மச்சான். அங்குட்டும் இங்குட்டும் சந்தாத் தெரிஞ்சுச்சு. கோட்டையூர் ஆசாரிக்கு அளவெடுக்கத் தெரியலன்னு பாக்குறவுக சிரிக்க மாட்டாகளா?"

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பிறகு இறக்கிக்கொண்டேன். சந்து விழுந்தால் அசிங்கம் என்று கற்று வளர்ந்தவன்தான் நானும்.

கவிதாவிடம் போய், "தப்பு எங்களோடது தாயி. பலகையில கை வைக்க வேணாம், சட்டத்தை மட்டும் எடுத்துர்றோம்" என்றேன்.

"அதுதான் காரணம்னு நிச்சயமாத் தெரியுமா?"

"எடுத்தாத்தான் தெரியும்."

பழனியே உளியை எடுத்தான். தன் கையால் பொருத்தியதைத் தானே பெயர்த்த அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. மறுநாள் மதியம் வேலை முடிந்தது.

சாயங்காலம் அந்த அம்மா ஒரு கீர்த்தனை முழுவதும் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "ரயில் எப்பம்மா வரும்?"

"நீங்க வாசிக்கும்போதே ரெண்டு போயிடுச்சு மேடம்" என்றார் கவிதா.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழனி என்னை முறைத்தான்.

"சந்து இதுக்குத்தான்னு மொதல்லயே சொல்லியிருந்தீகன்னா, ஒரு தூசி விழாம நானே காவல் காத்திருப்பேனே மச்சான்."

அளவை மட்டும் சொல்லி அதட்டுவதை அன்றோடு விட்டேன்.