பத்து நாள்காரர்

என் கணவரின் பெயர் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘பத்து நாள்காரர்’ என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டிவிடும். பழைய மடக்குச் சவரக்கத்திகளைப் புதுப்பிப்பதுதான் எங்கள் தொழில். அலகில் ஏறிய துருவை எடுப்பது நான். மரத்தில் புதுப் பிடி போடுவது அவர். யார் வந்து எப்போது கிடைக்கும் என்று கேட்டாலும், கத்தியைத் திறந்துகூடப் பார்க்காமல் பத்து நாள் என்பார். ஒன்பது என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. கல்யாணமான புதிதில் இந்தப் பிடிவாதத்தைப் பொறுமை என்று நினைத்து நான் ஏமாந்தேன்.

வேலையில் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். உடைந்த நாற்காலிக் கால், யாரோ தூக்கிப்போட்ட அலமாரிக் கதவு என்று எங்கே நல்ல மரம் கிடந்தாலும் சுமந்துகொண்டு வந்துவிடுவார். வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. அதிலிருந்து மெல்லிசாக இரண்டு பட்டை அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பித்தளை ஆணி அடித்து அலகைப் பொருத்துவார். மூடும்போது கத்தியின் கூர் இரண்டு பக்க மரத்திலும் உரசாமல் நடுவில் போய் உட்கார வேண்டும். மயிரிழை தவறினாலும் ஆணியைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். எல்லாம் முடிந்து எண்ணெய் தடவிக் கம்பியில் தொங்கவிட்டால், அப்புறம் அந்த எண்ணெய் காய்கிறவரை அதை யாரும் தொடக் கூடாது. நான் உட்பட.

வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? ஆளுக்கொரு அவசரம், ஆளுக்கொரு கதை. அதில் அதிகம் அடிபடுவது அப்பாதான். ஒருவர் அப்படித்தான், அப்பா சாகக் கிடக்கிறார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். கத்தியை வாங்க அந்த அப்பாவே சைக்கிளில் வந்து இறங்கினார்! அன்றிலிருந்து இவர் யாரையும் நம்புவதில்லை.

ஒரு திங்கட்கிழமை, தையல்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருக்கிறாள், அளவு நாடா கழுத்திலேயே கிடந்தது. துணியில் சுற்றியிருந்த கத்தியை எடுத்து மேசையில் வைத்தாள். பிடி இரண்டாகப் பிளந்திருந்தது.

“அண்ணா, எங்கப்பாவுக்கு ரொம்ப முடியல. கை நழுவிக் கீழ போட்டுட்டார். கொஞ்சம் சீக்கிரம் குடுங்கண்ணா.”

இவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “இந்த மாசம் இது மூணாவது அப்பா.”

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. பாவி, வாய்விட்டே சிரித்தேன்.

அவள் கோபப்படவில்லை. “தபால்காரரா இருந்தவர்ண்ணா. நாப்பது வருஷத்துல ஒரு நாள்கூட தாடியோட வாசப்படி தாண்டினதில்ல. இப்ப யாராவது பார்க்க வந்தா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறார். வேற கத்தின்னா கிட்டவே விடமாட்டேங்கிறார். என் கத்தி எங்க, என் கத்தி எங்கன்னு ஒரே கேள்வி. இது வந்துட்டா நானே வழிச்சு விட்டுடுவேன்.”

“பத்து நாள்ம்மா” என்றார் இவர்.

சனிக்கிழமை மறுபடியும் வந்தாள். அவளுடைய கத்தி கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. “முடிஞ்ச மாதிரிதானே இருக்கு?” என்று கையை நீட்டினாள்.

“தொடாதம்மா! கைரேகை விழுந்துடும்” என்று இவர் பதறிப்போய்க் கத்தினார். அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

“குடுத்துத் தொலைச்சா என்ன? நிஜமாவே அப்பாவா இருந்தா?” என்று கேட்டேன்.

“உனக்கு யார் என்ன சொன்னாலும் நிஜம்தான்” என்றார். அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது, நானும் போய்விட்டேன். ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள் நான். அன்றைக்கு எனக்கு என்ன கேடு வந்ததோ, கத்தியைக் கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டாமா?

வியாழக்கிழமை, பத்தாம் நாள், சொன்ன நேரத்துக்கு வந்தாள். இவர் எழுந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைத் துணியில் வைத்துக் கத்தியைக் கொடுத்தார். அவ்வளவு மரியாதை எனக்குக்கூடக் கிடைத்ததில்லை. மரம் தேன் நிறத்தில் மின்னியது. இத்தனை வருஷத்தில் இவர் செய்ததிலேயே நல்ல பிடி அதுதான், இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. அவள் திறந்து பார்த்தாள், மூடிப் பார்த்தாள்.

“பாரேன், அப்பா கையில குடுத்தா கீழ வைக்கவே மாட்டார்” என்றார் இவர்.

“செவ்வாக்கிழமை போயிட்டார்ண்ணா.”

இவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“முந்தின நாள் அவர்கூட வேலை பார்த்தவங்கல்லாம் பார்க்க வந்தாங்க. போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டார். என்கிட்டகூடத் திரும்பல. சுவத்தைப் பார்த்துக்கிட்டே போயிட்டார்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் போய்க் கையையாவது பிடித்திருப்பேன். பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள், தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“அண்ணா, ஆணியெல்லாம் அடிச்சு, சவரம் பண்ற மாதிரி இது என்னைக்குத் தயாராச்சு?”

இவர் பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“மூணாம் நாள்” என்றார்.

“அப்புறம் மிச்ச ஏழு நாள் எதுக்குண்ணா?”

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவர் எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்.

“பளபளப்புக்கும்மா.”