நாலு டெசிபல்

சிவகாசி ஆடியோ கடையில் எனக்கு அது மூணாவது வாரம். எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன் என்பதால் நேரே டெமோ ரூமில் விட்டிருந்தார் முதலாளி. கூடவே ஒரு நிபந்தனை: "மாசம் முடியதுக்குள்ள பெரிய செட்டு ஒண்ணு வித்துரு. இல்லைன்னா டெலிவரி வண்டிக்குப் போயிரு."

டெமோ ரூமை விட்டுப் போக எனக்கு மனசில்லை. கனத்த திரை, நடுவில் சோபா, எதிரே ரெண்டு ஜோடி ஸ்பீக்கர். ரெண்டையும் பாட வைக்கிற ஆம்ப்ளிஃபயர், அதான் ஆம்ப், ஒண்ணுதான். ஸ்விட்சைத் தட்டினால் சின்ன ஜோடி பாடும், மறுபடி தட்டினால் பெரிய ஜோடி. பெரியதன் விலை மூணு மடங்கு. வால்யூமை நான் தொடவே மாட்டேன். அதுதான் நியாயம் என்று நினைப்பு. கேட்டவர்கள் எல்லாரும் பெரியதைத்தான் கை காட்டினார்கள். விலையைச் சொன்னதும் "பட்டாசு சீசன் முடியட்டும் தம்பி" என்று நழுவினார்கள். ஆனாலும் விலைக்கேற்ற சத்தம் உண்டு என்று அடித்துச் சொல்வேன்.

மீட்டர் வந்த நாள்

தாயில்பட்டியில் இருந்து முனியசாமி அண்ணாச்சி வந்தார். பட்டாசுக் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. வெடியை வெடிக்க விட்டு, சத்தம் அளவுக்குள் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பவர். கூட அவர் மனைவி காளியம்மா அக்கா. வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவர். பகல் பூரா பாட்டு ஓட வேண்டும்.

"எனக்கு ஒரு காது பாதிதான் தம்பி. கேக்கப் போறது இவதான். நல்லதாக் குடுங்க, விலையைப் பத்தி இல்ல" என்றார் அண்ணாச்சி.

எனக்கு வாயெல்லாம் பல். ரெண்டையும் போட்டுக் காட்டினேன். அக்கா உடனே பெரியதைக் காட்டினார். பில் புக்கை எடுக்கப் போனேன்.

"இருங்க தம்பி. ரெண்டும் ஒரே சத்தமா?"

"ஆமாண்ணாச்சி, வால்யூமை நான் தொடவே இல்லையே."

"நீங்க தொடல. பெட்டி தொட்டிருக்குமே?"

மதுரையில் சரிபார்த்துக் கம்பெனிக்குக் கொண்டு போகிற மீட்டர் அவர் பையிலேயே இருந்தது. எடுத்து, சோபாவில் அக்கா காது இருந்த உயரத்தில் பிடித்தார். மழை இரைச்சல் மாதிரி ஒரு டெஸ்ட் ஒலியை ஓட விட்டேன். பெரியது நாலு டெசிபல் கூடுதல்.

எனக்கு முகம் சுட்டது. ஒரே கரண்ட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் கூடச் சத்தம் போடும், இன்னொன்று குறைத்துப் போடும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினவன் நான். சத்தம் கூடினதே காதுக்கு நல்லதாகத் தோணும் என்பது இங்கே உறைக்கவில்லை.

"எங்க கம்பெனியில ஒரு வெடிக்கு மீட்டரைக் கிட்ட வச்சு, இன்னொண்ணுக்குத் தள்ளி வச்சா, போர்மேன் என்னைய வெடிச்சிருவாரு" என்று சிரித்தார் அண்ணாச்சி.

சின்னதுக்கு வால்யூமை ஏற்றிச் சமமாக்கினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டேன்.

"முன்னாடி அந்தப் பெரிசு அம்புட்டு நல்லாருந்துச்சு. இப்ப ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரில்ல இருக்கு? ஒண்ணுல அடிச்சத்தம் கொஞ்சம் ஆழமா வருது. பாட்டு ரெண்டுலயும் ஒண்ணுதான்." கண்ணைத் திறந்தார். "உங்க வீட்டுக்குன்னா எதை எடுப்பீக தம்பி?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதலாளி நின்றார். எனக்கு டெலிவரி வண்டி கண்ணில் தெரிந்தது.

"ஹால் எம்புட்டு இருக்கும்க்கா?"

"பத்துக்குப் பன்னெண்டு. டைல்ஸ் போட்டிருக்கு."

"அப்ப சின்னதுதான்க்கா. அந்த ஆழம் சின்ன ரூமுல, டைல்ஸ் தரையில, கும்முனு இரையும். ஒரு கனத்த திரையும் விரிப்பும் வாங்கிப் போடுங்க, போதும்."

சின்னதுக்குப் பணம் கட்டிவிட்டு அவர்கள் போனதும் முதலாளி உள்ளே வந்தார். "ஏலே, உன்னைய விக்கதுக்கு வச்சேனா, பரீட்சை நடத்த வச்சேனா?"

வண்டியில்

மறுநாளே என்னை டெலிவரி வண்டிக்கு மாற்றிவிட்டார். அந்த செட்டை அண்ணாச்சி வீட்டில் இறக்கினதே நான்தான். ஸ்பீக்கரைப் பரண் மேல் ஏற்றத் தயாராக இருந்தார் அண்ணாச்சி. "அக்கா தரையில உக்காந்துதான குழாய் சுத்துறாக? பாட்டு தலைக்கு மேல போயிரும்" என்று ரெண்டு முக்காலி கேட்டு வாங்கி அதில் வைத்தேன். அக்கா குழாய் சுற்றிக்கொண்டே கேட்டார். கை தாளத்துக்கு ஓடியது.

ஒரு மாதம் கழித்து ஒரு பெட்டி எடுக்க டெமோ ரூமுக்குள் போனேன். ஆம்பில் வால்யூம் குமிழைச் சுற்றி ரெண்டு ஒட்டுத்தாள். முதலாளி கையெழுத்து: "சின்னதுக்கு இங்கன", "பெரிசுக்கு இங்கன". ஆள் இல்லாத நேரம் பார்த்து, போனில் இருந்த ஆப்பை வைத்து அளந்தேன். ரெண்டும் சமம்.

பின்னால் முதலாளி குரல். "என்னலே சோதிக்க? அந்த அண்ணாச்சியை வரச் சொல்லி, மீட்டர் வச்சு ஒட்டினதாக்கும். அவரு கம்பெனி ஆளுக வந்து, 'சமமா வச்சுக் காட்டுங்க'ன்னு நிக்கானுக." கொஞ்சம் நிறுத்தி, "நாளையில இருந்து ரூமுக்கு வா. டெலிவரிக்கும் நீதான் போகணும், ஆமா."

இப்போது ரெண்டு வேலையும் பார்க்கிறேன். எம்புட்டு விலைக்கு வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வீட்டில் எங்கே உட்கார்ந்து கேட்பீர்கள் என்று. விலைச் சீட்டை அவர்கள் பக்கம் திருப்புவது, ரெண்டு பெட்டியின் சத்தத்தையும் சமமாக்கின பிறகுதான்.